நொண்டி அடித்துச் சேர்ந்த பள்ளிக்கூடம்

ஐந்து வயதில் நான் எங்கள் குடும்பத்தின் பெருமை. அதற்கு அறிவோ அழகோ காரணமில்லை, எடைதான். வெள்ளகோவிலில் தேங்காய்ப் பருப்பு மண்டி வைத்திருந்த மாமா, நாங்கள் போகும்போதெல்லாம் என்னைத் தூக்கித் தராசில் உட்காரவைப்பார். எடை ஏறியிருந்தால் மண்டியில் எல்லோருக்கும் டீ வரும். இறங்கியிருந்தால் அம்மாவுக்குத் திட்டு விழும் என்பார்கள். எனக்குத் தெரிந்து இறங்கியதே இல்லை.

அந்தப் பெருமை பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிட்டது.

ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் முன் பிள்ளைகளைச் சோதித்துப் பார்ப்பது அந்தப் பள்ளியின் வழக்கம். எழுத்து கேட்டார்கள், சொன்னேன். நிறம் கேட்டார்கள், அதையும் சொன்னேன். பிறகு மைதானத்துக்குக் கூட்டிப்போய், பூவரச மரம் வரை நொண்டி அடிக்கச் சொன்னார்கள். எனக்கு முன்னால் நின்ற பிள்ளைகள் வெட்டுக்கிளி மாதிரி துள்ளிப் போனார்கள். நான் ஒரு காலைத் தூக்கியதும் வரிசையில் யாரோ “பூசணிக்கா” என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். காலைக் கீழே வைத்துவிட்டேன். அப்புறம் யார் சொல்லியும் தூக்கவில்லை.

தலைமையாசிரியை கெட்டவர் அல்ல. பக்குவமாகத்தான் அம்மாவிடம் சொன்னார். “அடுத்த வருசம் பாத்துக்கலாங்க. ஒடம்பு கொஞ்சம் வத்தட்டும். மத்த பசங்களோட ஓடியாட முடியாம கொழந்த ஒதுங்கிப் போயிருமுங்க.”

“முடியாம இல்லீங்க டீச்சர், கூச்சப்படறா. கொஞ்சம் இருங்க” என்றாள் அம்மா.

என் உடம்பு அம்மா வழியில் வந்தது. மாடிப்படி ஏறினாலே அவளுக்கு மூச்சு வாங்கும். வீதியில் அவள் வேகமாக நடந்துகூட நான் பார்த்ததில்லை. அந்த அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள். அத்தனை பெற்றோர்களும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு காலை மடக்கிக்கொண்டு நொண்டி அடிக்கத் தொடங்கினாள்.

மைதானமே சிரித்தது. பெரியவர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். பாதி வழியில் தடுமாறிய அம்மா, கையை வீசிச் சமாளித்து, என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

“வா அம்மணி! அம்மாவப் புடி பாக்கலாம்!”

அம்மா ஜெயித்துவிடுவாளோ என்ற பதற்றத்தில் கூச்சம் மறந்துபோயிற்று. நொண்டினேன், விழுந்தேன், முழங்காலில் மண்ணோடு எழுந்து மறுபடி நொண்டினேன். மரத்தை முதலில் தொட்டது நான்தான். பின்னால் வந்த அம்மா கிளையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். சிரிப்பு எப்போது ஓய்ந்தது என்று தெரியவில்லை, யாரோ கைதட்டிக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியை தம் கையாலேயே தண்ணீர் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினார்.

“திங்கக்கெழம கூட்டிட்டு வந்துருங்க.”

மறுநாள் அம்மாவின் கணுக்கால் வீங்கியிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பிசகிவிட்டதாக அப்பாவிடம் சொன்னாள். இன்னொரு ஆட்டம் நொண்டலாம் என்று நான் சேலையைப் பிடித்து இழுத்தேன். “போ கண்ணு, அம்மாக்கு இனி ஆகாது” என்று உப்புத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

என் மேல் விழுந்த சிரிப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளத்தான் அவள் அந்த மைதானத்தில் இறங்கினாள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. எங்கள் அம்மாவுக்கு விளையாட்டென்றால் உயிர் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.