றொனியின் பன்னிரண்டு நாள்

கொஸ்லந்தையில் ஏறுகிற மரக்கறி மூட்டைகளை றொனி கையால் தூக்குவதில்லை. முழங்காலால் உள்ளே தள்ளுகிறார். "நெஞ்சுக்குள்ள கம்பி கட்டியிருக்குங்க" என்பார், சிரிக்காமல். பதுளை பஸ்ஸின் நடத்துநர். வயது முப்பத்தொன்று. பஸ்ஸின் பின்வாசலுக்குப் போவதற்குள் ஒருமுறை நின்று மூச்சு வாங்குகிறார்.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் நெஞ்சுக்கூட்டின் நடுவே தேங்காயளவு கட்டி இருந்தது. நான்கு சுற்றுக் கீமோவில் முடி, புருவம் எல்லாம் கொட்டின, கட்டி எலுமிச்சையளவானது. சுகமாகிவிட்டதென்று தோட்டத்து லயத்தில் பால்சோறு சமைத்துக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் டொக்டர் யோகமலர் அறுவைச் சிகிச்சை என்றார்.

"சுருங்கிருச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க. பெறகு எதுக்குங்க அறுக்கணும்?"

"மிச்சம் கிடக்கிறது செத்த கட்டியோ உயிருள்ளதோ எண்டு வெளியில எடுத்தாத்தான் தெரியும். மூச்சுக்கான நரம்பு ஒண்டு அதோட ஒட்டிக் கிடக்கு. அதையும் வெட்ட வேண்டி வரலாம். அதை மறைக்கேல்லை."

மறுநாளே றொனி வேலைக்குத் திரும்பிவிட்டார். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரிப் பக்கம் பார்க்கவேயில்லை. பதின்மூன்றாம் நாள் காலை, கொழுந்து பறிக்கப் போகவேண்டிய மனைவி ஜெசிந்தினி துணிப்பையோடு பஸ்ஸில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார்.

"பதுளை ஆஸ்பத்திரிக்கு ரெண்டு டிக்கெட்டு. ஒன்னு ஒங்களுக்கு."

றொனி இரண்டையும் கிழித்துக் கொடுத்தார்.

பதுளையிலிருந்து அனுப்பிய கொழும்பு ஆஸ்பத்திரியில் நெஞ்செலும்பைப் பிளந்து, ஆறு மணி நேரம் போராடிக் கட்டியை எடுத்து, எலும்பைக் கம்பியால் கட்டினார்கள். நரம்பு தப்பவில்லை. எடுத்ததில் பெரும்பகுதி செத்த சதை. ஓரத்தில் மட்டும் உயிருள்ள புற்றுக் கலங்கள் இருந்தன. "அத உள்ள வச்சிக்கிட்டுத்தாங்க பன்னண்டு நாளு பதுளைக்குப் போய்ப்போய் வந்தேன்" என்று சொல்லும்போது அவர் குரல் தணிந்துவிடுகிறது. மேலும் இரண்டு சுற்று மருந்து ஏற்றினார்கள். இப்போதும் மூன்று மாதத்துக்கொரு ஸ்கேன். ஒவ்வொரு முறையும் முதல்நாள் சாப்பாடு இறங்காதாம்.

போன புதன்கிழமை, றொனியின் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த என் பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவர் இருந்தார். தொப்பிக்குக் கீழே முடியில்லை. பெயர் புவாத்; கொஸ்லந்தையில் கடை வைத்திருப்பவர். நெஞ்சுக் கம்பியைப் பற்றி றொனி சொன்னதைக் கேட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"எனக்கும் நெஞ்சுலதான். மருந்து முடிஞ்சி. இப்ப வெட்டோணுமாம். நான் சும்மா சொல்லிட்டு வரப் போறன், வேணான்டு. நோவுமா?"

"வலிக்கும்" என்றார் றொனி.

ஆஸ்பத்திரி முன் பஸ் நின்றது. புவாத் எழுந்திருக்கவில்லை. நிறைந்த பஸ், பின்னால் ஹோர்ன் சத்தம். றொனி தோளில் கிடந்த காசுப் பையைக் கழற்றி டிரைவரின் மடியில் வைத்தார். இறங்கி ரோட்டில் நின்று, பஸ் வாசலை நோக்கி, புவாத் பிடித்து இறங்கக் கையை நீட்டினார்.