மலையேறாத முத்துப்பிரியாவும் ஒன்பது டிப்போவும்

எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும்னு போடியில கடைத்தெரு பூரா தெரியும். ஏலக்கா வாங்கி விக்கிற கடை எங்களது. எங்க அப்பா தானியேல் ஆரம்பிச்சது, இப்ப நான் நடத்துறேன். பேரு கிருபாராணி. கடையில பதினஞ்சு பேரு வேலை பாக்குறாங்க. அந்தப் பதினஞ்சு பேர்ல என்கிட்ட அதிகமா வாங்கிக் கட்டிக்கிட்டவ முத்துப்பிரியா. அவளப் பத்தித்தான் சொல்லப்போறேன். நான் திட்டினதெல்லாம் தப்புன்னு மொதல்லயே ஒத்துக்கிறேன். சரி, முக்கால்வாசி தப்பு.

மலை மேல எங்களுக்கு ஒன்பது டிப்போ. போடிமெட்டுல தொடங்கி பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைன்னு போகும். தோட்டக்காரங்க கொண்டாந்து போடுற காயை அங்க எடை போட்டு, தரம் பிரிச்சு, ஏலத்துல காட்ட சாம்பிளா கொஞ்சம் மாதிரி எடுத்துக் கீழ அனுப்புவாங்க. டிப்போவுக்கு ஒரு கம்ப்யூட்டர். ஒன்பதும் எங்க ஆபீசுல இருக்கிற பெரிய கம்ப்யூட்டருக்குள்ள லைன் வழியா நுழைஞ்சுதான் வேலை செய்யும். ரிமோட் டெஸ்க்டாப்புங்கிறாங்க. சாந்தன்பாறையில உக்காந்திருக்கிற ஆள் முன்னால தெரியிறது போடி கம்ப்யூட்டரோட திரை. அவர் அங்க தட்டினா இங்க பதிவாகும். இத்தனையும் ஒழுங்கா ஓடுதான்னு பாக்குறதுதான் முத்துப்பிரியா சோலி.

வேலைக்கு எடுக்கும்போதே கேட்டேன், "மலைக்கு ஜீப்புல போயிட்டு வருவியாத்தா?" "போவேன்க்கா"ன்னா. மொத தடவை போனப்ப மூணாவது கொண்டை ஊசி வளைவுல ஜீப்ப நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தா. அஞ்சாவது வளைவுல நிறுத்தச் சொல்ல அவளுக்கு நேரமில்ல. சாயங்காலம் டிரைவர் சோணை வண்டியக் கழுவிட்டு நேரா என் மேசைக்கு வந்தான். "அக்கா, எத்தன மூட்ட லோடு வேணும்னாலும் ஏத்துறேன். இந்தப் பிள்ளைய மட்டும் ஏத்தச் சொல்லாதீங்க." கடையே சிரிச்சுச்சு. நானுந்தான் சிரிச்சேன். ஆனா உள்ளுக்குள்ள எரிச்சல். மலையேற முடியாதவள மலை டிப்போவுக்கு வேலைக்கு வச்சிருக்கேன்னு ஊரு சொல்லாதா?

அவ சிரிக்கவுமில்ல, அழவுமில்ல. "நான் மேல போகாமலே பாத்துக்கிறேன்க்கா, கொஞ்ச நாள் குடுங்க"ன்னா. அப்பத்தான் அவ ஸ்கிரிப்ட் எழுத ஆரம்பிச்சது. ஸ்கிரிப்டுன்னா எனக்கு அவ சொன்ன விளக்கம் இதுதான்: நாம கையால ஒவ்வொண்ணா செய்யிற வேலைய வரிசையா எழுதி வச்சிட்டா, கம்ப்யூட்டர் அதைப் படிச்சு அதே வரிசையில தானே செஞ்சுக்கிரும். ஒரு கம்ப்யூட்டருக்கு எழுதினத ஒன்பதுக்கும் அனுப்பலாம். காலையில வந்து ஒரு பொத்தான அமுக்குவா. எந்த டிப்போ முழிச்சிருக்கு, எதுல இடம் நெறஞ்சு போச்சு, எது சீக்கா இருக்குன்னு திரையில ஒன்பது வரி வந்து நிக்கும்.

ஆனா பெரிய வம்பு வேற இருந்துச்சு. எங்க பெரிய கம்ப்யூட்டருக்குள்ள ஒரே நேரத்துல பன்னெண்டு பேருதான் இருக்கலாம். ஒன்பது டிப்போ, ஆபீசுல மூணு பேரு, கணக்குச் சரியாத்தான் இருக்கு. ஆனாலும் காலையில ஒன்பது மணிக்கெல்லாம் இடம் நெறஞ்சிரும், ஆபீசு ஆளு ஒருத்தரும் உள்ள நுழைய முடியாது. காரணம் என்னன்னா நம்ம ஊரு வழக்கம். பஸ் ஸ்டாண்டுல பஸ்சு வந்து நிக்கிறதுக்குள்ள சன்னல் வழியா துண்டப் போட்டு சீட்டுப் பிடிப்போம்ல? அதையே டிப்போக்காரங்க கம்ப்யூட்டர்லயும் செஞ்சாங்க. காலையில ஒரு தடவ உள்ள நுழைஞ்சாங்கன்னா வெளிய வரவே மாட்டாங்க. சாப்பிடப் போனா திரைய மட்டும் அணைச்சிட்டுப் போவாங்க. சாந்தன்பாறை ஜக்கையன் அண்ணன் ஒரு படி மேல. டிப்போ கம்ப்யூட்டர்ல ஒரு எடம், பக்கத்து ரூமு பழைய லேப்டாப்புல இன்னொரு எடம். அவரப் பாத்து மத்தவங்களும் ரெண்டு ரெண்டு. "யாருப்பா உள்ள சும்மா உக்காந்திருக்கிறது?"ன்னு போன் போட்டா, "நான் இல்லக்கா, பூப்பாறைக்காரனா இருக்கும்"னு ஒன்பது பேரும் ஒண்ணு போல சொல்லுவாங்க.

முத்துப்பிரியா அதுக்கும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினா. கால் மணிக்கு ஒருக்கா உள்ள போய்ப் பாக்கும். இருபது நிமிசமா எதையும் தொடாம எவன் இருக்கானோ அவன வெளிய தள்ளிரும். ரெண்டு நாள் ஆபீசே கும்மாளம், நெனச்ச நேரம் உள்ள போகலாம்.

மூணாம் நாள் வெடிச்சுச்சு. சாந்தன்பாறையில ஜக்கையன் அண்ணன் ரெண்டு மணி நேரமா அறுபத்திநாலு தோட்டக்காரங்க மூட்டை விவரத்த ஏத்திக்கிட்டு இருந்திருக்காரு. மஞ்சுன்னு சொல்ற மூடுபனி இறங்கி அரை மணி நேரம் லைன் அந்து போச்சு. அவரு திரும்ப உள்ள வர்றதுக்குள்ள ஸ்கிரிப்ட் அவர வெளிய தள்ளிருச்சு. இன்னும் சேமிக்கல, ஏத்தினது அத்தனையும் போச்சு. "எந்தா சேட்டா இது"ன்னு வரிசையில நின்ன மலையாளத் தோட்டக்காரங்க அவர வறுத்தெடுக்க, அவரு போன்ல என்னைய வறுத்தாரு. "சீட்டுல துண்டு போட்டிருக்கிறவன எழுப்பி விட்டது யாரு?"ன்னு கேட்டாரு.

நான் போன வச்சிட்டு முத்துப்பிரியாவ எல்லாரு முன்னாலயும் நிக்க வச்சுப் பேசினேன். பேசினது என்னன்னு இங்க எழுத முடியாது. கடைசியா சொன்னதை மட்டும் சொல்றேன். "மதுரைக் கம்பெனியில கிங்ஸ்லின்னு ஒரு ஆள் இருக்கான். பதினேழு வளைவுலயும் முறுக்குத் தின்னுக்கிட்டே போறவன். அக்டோபர் முடியிறதுக்குள்ள நீ இதச் சரி பண்ணல, உன் நாற்காலி அவனுக்கு."

அவ நிலைமை எனக்குத் தெரியாமயா? ஊரு தேவாரம். புருஷன் லிங்கேஸ்வரன் மலையடிவாரத்துல மக்காச்சோளம் போட்டிருக்கான். யானை எறங்குற காடு, அவன் அத விட்டுட்டு எங்கயும் வர முடியாது. மக தமிழினி ரெண்டாப்பு. இந்தப் படிப்புக்கு இங்க வேற வேலை கிடையாது, இது போனா திரும்பச் சென்னைக்குத்தான் போகணும். முன்னால மூணு வருசம் அங்கதான் இருந்தா. "மூணு வருசம் பிள்ளைய ரிமோட்லயே வளத்தாச்சுக்கா, போதும்"னு சேரும்போது என்கிட்ட சொன்னவ அவ. அதெல்லாம் தெரிஞ்சும் சொன்னேன். கோபம் வந்தா எனக்குக் கண்ணு தெரியாது.

மறுநாள் காலையில சோணை ஓடி வந்தான். "அக்கா, அந்தப் பிள்ள தானா வந்து ஜீப்புல ஏறி உக்காந்திருக்கு. கையில எலுமிச்சம்பழமும் பத்துப் பாலிதீன் பையும் வச்சிருக்கு." ஏழு எடத்துல நிறுத்தினானாம். சாந்தன்பாறையில போய் எறங்கி, மூஞ்சியக் கழுவிட்டு, ஜக்கையன் அண்ணன் பக்கத்துல உக்காந்து அறுபத்திநாலு பேரு விவரத்தையும் அவளே திரும்ப ஏத்தியிருக்கா. ஏத்த ஏத்தத்தான் அவளுக்கு மலை என்னன்னு புரிஞ்சிருக்கு. லைன் மூணு நிமிசம் இருக்கும், பத்து நிமிசம் போயிரும். மஞ்சு விலகினா வரும், மூடினா அந்துரும். வர்ற நேரம் போற நேரமெல்லாம் நோட்டுல குறிச்சா.

"ரெண்டு எடம் எதுக்குண்ணே பிடிக்கிறீங்க?"ன்னு கேட்டிருக்கா.

"ஒண்ணு அந்து போனா இன்னொண்ணு இருக்குமேன்னுதான் ஆத்தா. எடம் போயிருச்சுன்னா திரும்பக் கெடைக்காதுன்னு பயம். வேற என்ன?"ன்னாரு அவரு, பால் ஊத்தாத கட்டஞ்சாயாவ அவ கையில குடுத்துக்கிட்டே.

திரும்பி வந்தவ அஞ்சு நாள் தலை நிமிரல. பழசத் தூக்கிப் போட்டுட்டு புதுசா எழுதினா. லைன் அந்து போனவன இனிமே தள்ளாது. அவன் எடத்தையும் பாதி வேலையையும் பத்திரமா வச்சிருக்கும், அவன் வந்ததும் விட்ட எடத்துலயே உக்காரலாம். டிப்போவுக்கு ஒரு எடம் உறுதி. ரெண்டாவது எடம் பிடிச்சா, மொதல்ல திரையில தகவல் சொல்லி, வேலையச் சேமிச்சு வச்சிட்டு, அப்புறந்தான் வெளிய அனுப்பும். மலைக் கம்ப்யூட்டருக்கு அனுப்புற மத்த வேலைகளையும் அப்படியே மாத்தினா. லைன் இருக்கிற மூணு நிமிசத்துல ஒரு படி முடிக்கும், எந்தப் படின்னு குறிச்சு வச்சுக்கிட்டு காத்திருக்கும், அடுத்து லைன் வந்ததும் அங்கருந்தே தொடரும். அதுக்கு 'துண்டு'ன்னு பேரு வச்சா.

"வேற பேரே கெடைக்கலையாத்தா உனக்கு?"ன்னேன்.

ரெண்டு வாரம் சத்தமில்ல. டிப்போக்காரங்க ரெண்டாவது எடத்த அவங்களாவே விட்டாங்க. அத்தோட நான் விட்டிருக்கணும். ஆனா கிங்ஸ்லிய வரச் சொல்லிட்டேன். சொன்ன சொல்ல மாத்துறது எனக்கு வராது, வறட்டுக் கௌரவம்தான். மாசக் கடைசியில வந்து டிப்போக்களப் பாக்கட்டும், அப்புறம் முடிவு பண்ணலாம்னு இருந்தேன்.

அவன் வந்த அன்னைக்குத்தான் அது நடந்துச்சு. நாலு நாளா விடாத மழை. காலையில ஆறரைக்கு ஒன்பது டிப்போவும் வரிசையா போன் அடிக்கிறாங்க. சீட்டு அடிக்க மாட்டேங்குது. ஏலத்துக்குப் போற ஒவ்வொரு மாதிரிப் பையிலயும் எந்த டிப்போ, என்ன தரம், எவ்வளவு எடைன்னு அச்சடிச்ச சீட்டு ஒட்டணும். சீட்டு இல்லாத பைய யாரோடதுன்னு சொல்ல முடியாது. ஒவ்வொரு டிப்போ கம்ப்யூட்டர்லயும் இருக்கிற அச்சு புரோகிராம் ராத்திரியில தன்னைத்தானே புதுசாக்கிக்கிட்டு இப்ப வெள்ளைத் தாளாத் துப்புதாம். அன்னைக்கு நாலு மணிக்குள்ள மாதிரிகள போடி ஏலக் கூடத்துல ஒப்படைக்கணும். அந்த சீசன்லயே பெரிய ஏலம்.

"நேர்ல போய் ஒவ்வொண்ணா சரி பண்ணிர்றேன் மேடம்"னு கிங்ஸ்லி சோணையோட கிளம்பினான். ஏழு மணிக்கு மலையடிவாரத்து முந்தல்லருந்து சோணை போன் போட்டான். மேல மண்ணு சரிஞ்சு ரோட்டுல மரம் கெடக்கு, ஒரு வண்டியும் விட மாட்டேங்கிறாங்க. மாதிரிகள் வேணும்னா மலையிலருந்து கம்பம்மெட்டு சுத்தித்தான் கீழ எறங்கணும். அதுக்கு மலை மேல நிக்கிற ஜீப்பு ஒன்பது மணிக்குக் கிளம்பியாகணும்.

மொத பஸ்சப் பிடிச்சு தேவாரத்துலருந்து முத்துப்பிரியா வந்து நின்னா. நனைஞ்ச சேலையோட இருந்தவகிட்டயும் என் வாயி சும்மா இருக்குமா? "உன் துண்டு இப்ப என்னத்தக் கிழிக்கும்னு பாப்போம்"னேன்.

"உக்காருங்கக்கா. மொதல்ல ஒண்ணப் பாத்துக்கிறேன்"னா.

இங்கருந்தே போடிமெட்டுக் கம்ப்யூட்டருக்குள்ள நுழைஞ்சா. பழைய புரோகிராமத் திரும்ப வச்சு, புதுசு வராதபடி பூட்டி, அங்க இருந்த ஆளச் சீட்டு அடிக்கச் சொன்னா. எழுத்து பளிச்சுன்னு விழுந்துச்சு. செஞ்சதையெல்லாம் ஆறு படியா எழுதி 'துண்டு'கிட்ட குடுத்து, மிச்சம் எட்டுக்கும் ஒரே நேரத்துல விட்டா. மணி ஏழே முக்கால். பூப்பாறை பச்சையாச்சு. உடும்பன்சோலை பச்சையாச்சு. எட்டே காலுக்குள்ள எட்டு வரி பச்சை. சாந்தன்பாறை மட்டும் செவப்புலயே நின்னுச்சு. அங்க லைன் இல்ல, போனும் போகல.

"ஏதாச்சும் பண்ணுத்தா"ன்னேன்.

"பண்றதுக்கு ஒண்ணுமில்லக்கா. மூணு படி முடிஞ்சிருக்கு. அங்க துண்டு போட்டிருக்கு. மஞ்சு விலகினா நாலாவதுலருந்து அதே போகும்." கையக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டா. எனக்கு அவ்வளவு பொறுமை பிறவியிலயே கிடையாது, எந்திரிச்சு எந்திரிச்சு நடந்தேன். எட்டரைக்கு நாலாவது படி. அப்புறம் பத்து நிமிசம் ஒண்ணுமில்ல. அப்புறம் அஞ்சாவது. எட்டு அம்பதுக்கு அந்தக் கடைசி வரியும் பச்சையாச்சு. ரெண்டு நிமிசத்துல ஜக்கையன் அண்ணன் போன் வந்துச்சு. "சீட்டு வருது, சீட்டு வருது"ன்னு அதையே திரும்பத் திரும்பச் சொன்னாரு. நான் முத்துப்பிரியாவக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். எனக்கு அவ்வளவு பெருமை. நான் பெத்த பிள்ளை ஜெயிச்சப்ப கூட அப்படி இருந்ததில்ல.

கிங்ஸ்லி சொட்டச் சொட்ட நனைஞ்சு வந்து சேந்தான். அவ திரையில ஒன்பது பச்சையையும் பாத்தான். அப்புறம் என்னையப் பாத்து, "இந்த வேலைக்கு நல்ல வயிறு தேவையில்ல போலிருக்கு மேடம்"னான். சோணை வழியில அவ கதையச் சொல்லியிருப்பான். நல்ல பையன்தான்.

மலை ஜீப்பு கம்பம் சுத்தி மூணு மணிக்கு வந்துச்சு. ஒன்பது டிப்போ மாதிரியும் சீட்டோட ஒப்படைச்சாச்சு. ஜீப்புக்காரர் கடைசியா பேப்பர்ல சுத்தின ஒரு பொட்டலத்த எடுத்து நீட்டினாரு. சாந்தன்பாறையில ஜக்கையன் அண்ணன் குடுத்து விட்டதாம். பிரிச்சா, செவப்புக் கரை போட்ட புதுத் துண்டு. அதுல மாதிரிப் பையில ஒட்டுற அதே சீட்டு ஒட்டியிருந்துச்சு. அடிச்சிருந்தது இதுதான்: "முத்துப்பிரியா. போடி ஆபீசு. எடம் பிடிச்சாச்சு."

அவ அத வாங்கிப் படிச்சிட்டு அன்னைக்குத்தான் அழுதா. நான் அவ கையிலருந்து துண்ட வாங்கி, அவ நாற்காலி முதுகுல நானே விரிச்சுப் போட்டேன். அவ கண்ணத் தொடச்சுக்கிட்டே வீட்டுக்குப் போன் போட்டு, "தமிழினி, அம்மா எங்கயும் போகலடி"ன்னு சொன்னா. உக்காரலாம்னு அந்த நாற்காலிப் பக்கம் வந்த கிங்ஸ்லி துண்டப் பாத்துட்டு, சுவத்தோரம் கெடந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்தான்.