என் தந்தை சட்டை போட்டிருந்த கோடை

நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய வைகாசி அது. சித்தூரை அடுத்த பங்காருபாளையத்தில் மாங்காய் மண்டிகள் நிரம்பி வழிந்த நாள்கள். திருப்பதியில் பணிபுரியும் நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். மண்டியில் காய்களைத் தரம்பிரிக்கும் என் தந்தைக்கு ஒருநாள் மதிய உணவு எடுத்துச் சென்றேன்.

தகரக் கூரையின் கீழ் வெக்கை தாங்காது. குவியலைச் சுற்றி அமரும் ஆண்கள் எவரும் சட்டை அணிவதில்லை. அன்று தந்தை மட்டும் முழுக்கைச் சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு வியர்வையில் நனைந்திருந்தார்.

அருகில் இருந்தவர் என் தாய்மாமன். அக்காள் கணவரைக் கேலி செய்வது எங்கள் பக்கத்தில் உரிமை.

"இன்னா மாமா, உள்ள இன்னாத்த ஒளிச்சி வெச்சிக்கினு கீற?" என்று சட்டையைப் பிடித்து இழுத்தார். பொத்தான் தெறித்தது. தந்தையின் மார்பு இருபுறமும் பருத்திருந்தது.

"அடடே, மாமாவுக்குச் சீமந்தம் எப்போ? சோறு துன்ன வந்துடறோம்!" என்றார் மாமன்.

மண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். தந்தை வேறெவரையும் பார்க்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, சட்டையை மூடிக்கொண்டு அடுத்த காயைக் கையில் எடுத்தார்.

அடுத்த மாதம் அவர் கால்கள் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டியது. இதய நோய்க்காக ஈராண்டாக மருந்து உண்டு வந்தவர். திருப்பதியில் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் கொண்டு சென்றேன்.

"மாத்திரை எதையாவது நிறுத்திட்டீங்களா?" என்று அவர் கேட்டார்.

"ஒண்ணு மட்டும் சார். அது துன்ன அப்புறந்தான் மாரு இப்டி ஆச்சு. மண்டியில எல்லாரும் பாத்துட்டாங்க. அன்னிக்கே நிறுத்திட்டேன்."

மருத்துவர் பழைய மருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். உடலில் தேங்கும் நீரை இறக்கும் அந்த மாத்திரை, ஆண்மைக்குரிய சுரப்பு வேலை செய்வதையும் தடுக்குமாம். அப்போது பெண்மைக்குரிய சுரப்பின் கை ஓங்கி, மார்புத் திசு வளர்ந்துவிடுமாம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற மாத்திரை குடுத்திருப்பேனே! சீக்கிரம் மாத்தினா பெரும்பாலும் தானா வத்திடும். நாள்பட்டு கெட்டியாயிட்டாலும் ஆபரேஷன் இருக்கு."

தந்தையின் முகம் தெளிந்தது. "அடுத்த சீசனுக்குள்ள வத்திடுமா சார்?" என்று கேட்டார்.

தேங்கிய நீர் இறங்கவில்லை; மூன்றாம் நாள் அவர் இறந்தார்.

அடக்கத்திற்கு முன் உடலைக் குளிப்பாட்டியபோது பிறர் எவரையும் அருகில் விடாமல், நானே சட்டை அணிவித்துக் கழுத்துப் பொத்தான்வரை பூட்டினேன். மாமன் கதவோரம் நின்று குலுங்கி அழுதார். அவரை நான் நொந்துகொண்டதில்லை. அவர் தம் உரிமையில் பேசியவர். மண்டி முழுவதும் சிரித்தபோது தந்தை திரும்பிப் பார்த்தது என் முகத்தைத்தான். அங்கே சிரிப்பைக் காணாதிருந்தால், அன்று மாலையே அவர் என்னிடம் வாய் திறந்திருப்பார் என்ற எண்ணம் என்னை விட்டு இன்றுவரை அகலவில்லை.