ஆயிரத்து நானூற்றெண்பது மீற்றர்

குருமடத்தில் ஆறு வருடம் லத்தீன் படித்த அருட்பிரகாசம், குருப்பட்டத்துக்கு இரண்டு வருடம் இருக்கும்போது வேண்டாமென்று வீட்டுக்கு வந்துவிட்டார். பிறகு மன்னாரில் நில அளவைக் கந்தோரில் படம் வரைபவராக வேலை கிடைத்தது. தாழ்வுபாட்டில் வீடு. மனைவி பிரான்சிஸ்கா. பிள்ளைகள் இல்லை. ஆள் நல்ல கட்டை. கந்தோரில் சேர்ந்த புதிதில் பெரிய சேவையர் எல்லோரையும் நூறு மீற்றர் நடக்கவிட்டு அவரவர் காலடியின் நீளத்தைக் குறித்துவைத்தபோது, அருட்பிரகாசத்தின் காலடிதான் ஆகக் குறைந்தது: அறுபத்துமூன்று சென்ரிமீற்றர்.

அவருக்கு வந்த வினை எண்பத்தைந்தாம் ஆண்டு தொடக்கத்தில், ஒரு போட்டோப் பிரதியாக வந்தது. கொண்டுவந்தவர் தில்லைநாதன். மாந்தையின் பழைய துறைமுகத்தைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த யாழ்ப்பாணத்துக்காரர். அந்தத் தாளில், எந்தக் காலத்திலோ எந்தக் கப்பற்காரனோ சொல்ல யாரோ லத்தீனில் எழுதிவைத்த தூரங்கள் இருந்தன. முனையிலிருந்து துறைக்கு இவ்வளவு, துறையிலிருந்து கோயிலுக்கு இவ்வளவு, கோயிலிலிருந்து நல்ல தண்ணீருக்கு இவ்வளவு. எல்லாம் உரோமர் அளவில்.

"இது எங்கடை மாந்தைதானோ வேறை இடமோ எண்டு பாக்கவேணும்," என்றார் தில்லைநாதன். "லத்தீனும் தெரிஞ்சு அளவையும் தெரிஞ்ச ஆள் எனக்குத் தெரிய நீங்கள் ஒராள்தான். ஒவ்வொண்டையும் மீற்றருக்கு மாத்தித் தாங்கோ."

அருட்பிரகாசம் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார். படித்த லத்தீனுக்கு அதுவரை பூசைப் புத்தகத்தைத் தவிர வேறு பயன் இருக்கவில்லை. கந்தோரில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைக்கும் அரை மணித்தியாலத்தில் இருந்து கணக்குப் போட்டார். உரோமரின் அடி நம்முடைய அடியைவிடக் கொஞ்சம் கட்டை, 29.6 சென்ரிமீற்றர். அதைப் பதினாறாகப் பிரித்தால் ஒரு விரல். ஐந்து அடி சேர்ந்தால் ஓர் இரட்டைக் காலடி. இடது கால் ஊன்றிய இடத்திலிருந்து மறுபடி இடது கால் ஊன்றும் இடம் வரை, 1.48 மீற்றர். நூற்றிருபத்தைந்து இரட்டைக் காலடி, 185 மீற்றர், அவர்கள் கடற்கரைத் தூரம் சொல்லும் அளவு. ஆயிரம் இரட்டைக் காலடி ஒரு மைல். அந்த மைல் 1,480 மீற்றர். நம் றோட்டு மைலைவிட நூற்று முப்பது மீற்றர் குறைவு.

எழுதிக்கொண்டிருந்த தாள் முடிந்துபோன ஒரு நாள், அடுத்த மேசையில் ஒரு புதிய வெளிக்களப் புத்தகம் கிடந்தது. சேவையர்கள் வெளியில் அளக்கும்போது குறித்துக்கொள்ளும் நீளமான புத்தகம் அது. அளவு நாடா பிடிக்கும் ஹலீமின் பெயர் மட்டையில் எழுதியிருந்தது. ஹலீம் சிலாவத்துறை ஆள்; அருட்பிரகாசத்தோடு பத்து வருடம் வேலை செய்தவர்.

"எடுங்க ஐயா," என்றார் ஹலீம். "எனக்கு வேற தருவாங்க."

பட்டியல் அந்தப் புத்தகத்தில் வளர்ந்தது. 1,480 என்ற எண்ணைத் திரும்பத் திரும்பப் பெருக்க வேண்டியிருந்ததால், ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அதை எழுதி, கீழே மூன்று கோடு போட்டு வைத்தார்.

அதற்குள் ஊர் மாறிக்கொண்டு வந்தது. மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதியின் நிலப்பக்கத்து முனையில் இராணுவத்தினர் மணல்மூட்டை அடுக்கி ஒரு காவல் சென்றி வைத்தார்கள். பஸ் அங்கே நிற்கும். எல்லோரும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து, அப்பால் போய் ஏறவேண்டும். முதலில் அடையாள அட்டையை மட்டும் பார்த்தார்கள். பிறகு துவக்குப் பிடித்த தழும்பு இருக்கிறதா என்று கைகளைப் பார்த்தார்கள். ஆனி மாதத்தில் ஒரு நாள் இரண்டு பேரைப் பஸ்ஸில் திரும்ப ஏறவிடவில்லை. பஸ் அவர்களுக்காகக் காத்திருக்கவும் இல்லை.

"அந்தப் புத்தகத்தைப் பையிலை கொண்டு திரியாதேங்கோ," என்றாள் பிரான்சிஸ்கா.

"வெறும் கணக்குத்தானே."

"அது உங்களுக்கு."

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தாம்போதியின் நடுவில் இருக்கும் பாலத்துக்கடியில் கண்ணிவெடிக்கு இழுக்கும் வயர்ச் சுருள் ஒன்றை இராணுவத்தினர் கண்டெடுத்தார்கள். வெள்ளிக்கிழமை அருட்பிரகாசம் முருங்கனில் இருந்து திரும்பிக்கொண்டிருந்தார். கட்டுக்கரைக் குளத்து வாய்க்கால் படங்களைச் சரிபார்க்க அனுப்பியிருந்தார்கள். ஹலீம் அன்றைக்கு லீவு. சோளகக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்த நேரம். சென்றியில் ஒரு சிப்பாய் பையில் கையை விட்டுப் புத்தகத்தை எடுத்தான். இரண்டு பக்கம் புரட்டினான். அதை உள்ளே கொண்டுபோனான்.

பஸ் போய்விட்டது. அருட்பிரகாசம் அது போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜன்னலோரம் இருந்தவர்கள் யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

உள்ளே இருந்த அதிகாரி இளவயதுக்காரர். சத்தம் போடவில்லை. கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். இங்கிலீஷில்தான் பேசினார்.

"இது என்ன எண்?"

"உரோம மைல், சேர். ஆயிரத்து நானூற்றெண்பது மீற்றர்."

அதிகாரி மேசையில் விரித்திருந்த படத்தில் அடிமட்டத்தை வைத்தார். ஒரு நுனி சென்றியில் இருந்தது. மறு நுனி பாலத்தில்.

"ஆயிரத்து ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவு," என்றார். "இந்த எண் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது. மூன்று கோடும் இருக்கிறது. ஏன்?"

அந்த எண்ணை ஐந்து மாதம் கையால் எழுதியும் பாலத்தின் நினைவு அருட்பிரகாசத்துக்கு ஒரு தடவை கூட வந்ததில்லை. இப்போது வந்தது. தானே படம் வரைந்த தாம்போதி அது. தூரம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

உரோமரைப் பற்றிச் சொன்னார். மாந்தையைப் பற்றிச் சொன்னார். தில்லைநாதன் எங்கே என்று கேட்டார் அதிகாரி. போன மாதம் வெளிநாடு போய்விட்டார் என்றார் அருட்பிரகாசம். சொன்ன பிறகுதான் அந்தப் பதில் எப்படிக் கேட்கும் என்பது விளங்கியது.

"ஆயிரம் இரட்டைக் காலடி என்கிறாய். காலடி யாருடையது?"

"சிப்பாய்களுடையது, சேர். அவர்களுடைய படை நடந்து அளந்தது."

அதிகாரி எழுந்து தொப்பியைப் போட்டார்.

"நட," என்றார்.

அருட்பிரகாசம் நடப்பதற்கு முன் ஒன்று சொன்னார். அதை ஏன் சொன்னார் என்று பிற்காலத்தில் அவருக்கே சொல்லத் தெரியவில்லை. "என்னுடைய காலடி கட்டை, சேர். நான் ஆயிரம் நடந்தால் ஆயிரத்து இருநூற்றறுபதில் நிற்பேன். பாலத்துக்குப் போய்ச்சேர மாட்டேன்."

"பார்ப்போம்."

அவர் முன்னால் நடந்தார். பின்னால் துவக்கோடு ஒரு சிப்பாய், இடது கால் ஊன்றும்போதெல்லாம் "எக்காய், தெக்காய்" என்று சிங்களத்தில் எண்ணிக்கொண்டு வந்தான். நூறு வரும்போதெல்லாம் குனிந்து ஒரு கல்லை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டான். அதற்கும் பின்னால் ஜீப் மெல்ல ஊர்ந்தது. இரண்டு பக்கமும் கலங்கிய தண்ணீர். சோளகம் பக்கவாட்டில் தள்ளியது. சாரத்தோடு சைக்கிளில் எதிரே வந்த ஒருவர் இந்த ஊர்வலத்தைக் கண்டதும் இறங்கி, சைக்கிளைத் திருப்பி, வந்த வழியே போய்விட்டார்.

நானூறு தாண்டிய பிறகு அருட்பிரகாசத்துக்குப் பயம் வேறு விதமாகப் பிடித்தது. காலடியை எட்டி வைத்தால் பாலத்தில் போய் நிற்கலாம். அப்படி நின்றால், எண் பாலத்துக்குரியது என்று அவரே காட்டிக்கொடுத்ததாகும். காற்றுக்குக் கால் குறுகினால், சொன்ன தூரத்தில் நிற்க முடியாது, பொய்யன் ஆவார். வேறு எதையும் நினைக்காமல், கந்தோர் முற்றத்தில் நடந்த அந்த நூறு மீற்றரை மட்டும் நினைத்துக்கொண்டு நடந்தார். செபம் சொல்லக்கூட மனம் வரவில்லை. சொன்னால் காலின் தாளம் மாறிவிடும் என்று பயந்தார்.

பத்தாவது கல்லுக்குச் சிப்பாய் குனிந்தான். அருட்பிரகாசம் நின்றார். பாலம் இன்னும் இருநூறு மீற்றருக்கு அப்பால் இருந்தது. ஜீப் பழையது, அதன் தூரம் காட்டும் மீற்றர் மைலில் ஓடுவது. மைலில் பத்தில் பங்கைக் காட்டும் கடைசி எண், சென்றியில் சைபரில் இருந்தது, இப்போது ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில், எட்டுக்குக் கிட்ட நின்றது.

"ஒரு மைல் என்றாயே. இது மைல் இல்லை."

"இங்கிலீஷ் மைலில் பத்தில் எட்டுப் பங்குக்குக் கொஞ்சம் குறைவு, சேர். ஆயிரத்து இருநூற்றறுபது மீற்றர். உரோம மைலே உங்கள் மைலில் பத்தில் ஒன்பது பங்குதான்."

அதிகாரி எல்லோரையும் ஜீப்பில் ஏற்றித் திரும்பச் சென்றிக்குக் கொண்டுபோனார். அங்கே உயரமான ஒருவனைக் கூப்பிட்டு அணிநடையில் போகச் சொன்னார். அவன் விறைப்பாக நடந்தான். ஆயிரம் முடிந்தபோது பாலத்தின் முதல் தூணைத் தாண்டி, நாற்பது மீற்றர் அளவில் நின்றான். அதிகாரி தன் கையிலேயே பேனாவால் கணக்குப் போட்டார். அவர்களுடைய பயிற்சியில் ஓர் அணிநடைக் காலடி முப்பது அங்குலம்; இரட்டைக் காலடி ஐந்து அடி; ஆயிரத்துக்கு ஐயாயிரம் அடி. அந்தக் கையை அருட்பிரகாசத்துக்கு நீட்டிக் காட்டினார்.

"அவர்களும் ஐந்து அடியா?"

"ஓம் சேர். அடிதான் கொஞ்சம் கட்டை."

"எத்தனை வருடம் முந்தி?"

"இரண்டாயிரம்."

அதிகாரியின் முகத்தில் இருந்த இறுக்கம் சற்றுத் தளர்ந்தது. ஆனாலும் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. "நீ போகலாம்," என்றார். "ஆனால் இந்தக் காலத்தில் தூரம் தெரிந்த ஆளாக இருப்பது உனக்கு நல்லதில்லை."

தாம்போதி முழுவதையும் நடந்தே கடந்து வீட்டுக்கு வந்தார். பிரான்சிஸ்கா கதவைத் திறந்துகொண்டு நின்றாள். பஸ்ஸில் வந்த ஒருத்தி அவளிடம் முன்னமே சொல்லியிருந்தாள். வீட்டில் இருந்த மற்றக் கணக்குத் தாள்கள், தில்லைநாதனின் பிரதி, எல்லாவற்றையும் இருவருமாக அடுப்பில் வைத்தார்கள். முடிந்தது என்று நினைத்தார்கள்.

அதற்குப் பதினான்காம் நாள் ஹலீமைப் பிடித்தார்கள்.

மட்டையில் இருந்தது அவருடைய பெயர். அருட்பிரகாசத்துக்கு அது அந்தக் கணம்வரை நினைவில் இல்லை. கந்தோரில் செய்தி வந்தபோது வரைந்துகொண்டிருந்த கோட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார். சென்றிக்குப் போனார். அந்த அதிகாரி மாறிப் போய்விட்டார், புத்தகம் வேறு முகாமுக்குப் போய்விட்டது என்றார்கள். எந்த முகாம் என்று சொல்லவில்லை. பாதிரியாரோடு போனார், சிலாவத்துறைப் பள்ளிவாசல் பெரியவர்களோடும் போனார். எழுத்தில் எழுதிக் கொடுத்தார்: புத்தகம் என்னுடையது, எழுத்து என்னுடையது. வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

பதினொரு நாள் கழித்து ஹலீமை வீட்டுக்கு விட்டார்கள். வேலைக்கு வரவில்லை. இன்னும் ஒரு வாரம் பொறுத்து அருட்பிரகாசம் சிலாவத்துறைக்குப் போனார். ஹலீம் முற்றத்தில் பாயில் இருந்தார். வலது கையை மடியில் வைத்து மற்றக் கையால் மூடியிருந்தார். அவருடைய மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

"என்னாலைதான் ஹலீம்," என்றார் அருட்பிரகாசம்.

ஹலீம் இடது கையால் தேத்தண்ணீரை அவர் பக்கம் நகர்த்திவிட்டுப் பேசினார்.

"ஒரு கேள்விதான் ஐயா கேட்டாங்க. ரோமர் எண்டா ஆரு எண்டு. எத்தின பேரு, எங்க இருக்காங்க எண்டு. எனக்குத் தெரியாது எண்டு சொன்னன். பதினொரு நாளும் அதே கேள்விதான். மெய்யா எனக்குத் தெரியாது. இப்பயாவது சொல்லுங்க. ஆரு அவங்க?"

அருட்பிரகாசம் சொன்னார். கடலுக்கு அப்பால் இருந்த பெரிய அரசு, அதன் படை, கப்பல்கள், எல்லாம் அழிந்துபோய் எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது என்று சொன்னார். ஹலீம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"மவுத்தாப் போனவங்களா," என்றார். "எல்லாருமா?"

"ஓம். எல்லாரும்."

"அத நான் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டாங்க."

தேத்தண்ணீர் ஆறிப்போய் இருந்தது. இருவரும் அதைக் குடித்தார்கள்.

அன்று பின்னேரம் திரும்பி வரும்போது சென்றியில் புதிய ஆள் ஒருவன் நின்றான். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, என்ன வேலை என்று கேட்டான்.

"கிளாக்கர்," என்றார் அருட்பிரகாசம்.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அதையே சொன்னார். ஹலீம் வேலைக்குத் திரும்பவேயில்லை. தொண்ணூறாம் ஆண்டு அவருடைய ஊர் முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது குடும்பத்தோடு புத்தளத்துக்குப் போனார். அதே ஆண்டு அருட்பிரகாசமும் பிரான்சிஸ்காவும் பேசாலையில் இந்தியாவுக்கு வள்ளம் ஏறினார்கள். மண்டபம் அகதி முகாமில் பதிவு செய்தவர் தொழில் என்ன என்று கேட்டபோது, பிரான்சிஸ்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். அவர் அவளுடைய கையைப் பிடித்து அமர்த்திவிட்டு, தானே முந்திக்கொண்டு அதே பதிலைச் சொன்னார்.