கோட்டுக்கு வெளியே நின்றவர்

என் கணவர் திருவெறும்பூர் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். தொழிற்சாலையின் கால்பந்து அணியில் நடுக்களத்தில் ஆடினார். எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகி ஸ்ரீரங்கத்திலிருந்து தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். கால்பந்து என்றால் கோல் போடுவது என்ற மட்டில்தான் எனக்குத் தெரியும். முதல் முறை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, இவர் எப்போது கோல் போடுவார் என்று கடைசிவரை காத்திருந்தேன். போடவேயில்லை. போட்டதெல்லாம் முன்வரிசையில் ஆடிய அவருடைய நண்பர்.

வீடு திரும்பும்போது, "நீங்க ஏன் போடலை?" என்று கேட்டேன்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சிரித்தார். "அவன் எங்க ஓடப்போறான்னு அவனுக்கு முன்னாடி எனக்குத் தெரியும். அங்க பந்தைக் கொண்டுபோய் வைக்கிறதுதான் என் வேலை."

அதற்குப் பிறகு நான் பந்தைப் பார்ப்பதை விட்டேன். அவரைப் பார்க்கப் பழகினேன். பந்து தன்னிடம் வருவதற்கு முன்னால் ஒருமுறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பார். வீட்டில் குழம்பில் உப்பில்லை என்றாலும் கவனிக்காத மனிதர், அங்கே ஒரு புல் அசைந்தாலும் அறிந்தவர் போல இருப்பார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது அந்த மைதானத்தில்தான்.

நண்பருக்கு மேலப்புதூரில் சர்ச்சுக்குப் பக்கத்தில் வீடு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். "தங்கச்சி, இன்னொரு தோசை" என்று உரிமையாகக் கேட்பார். இரண்டு பேரும் தட்டுகளை நகர்த்தி நகர்த்தி, முந்தைய நாள் ஆட்டத்தைத் திரும்ப ஆடுவார்கள்.

தஞ்சாவூரில் ஓர் ஆட்டத்தில் என் கணவரின் முழங்கால் திருகிக்கொண்டது. புத்தூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. நடக்கலாம், சைக்கிள் விடலாம், இனிமேல் ஆட முடியாது என்றார் டாக்டர். அடுத்த பருவத்தில் நிர்வாகம் அவரை அணிக்கு மேனேஜராக்கியது.

நல்ல மேனேஜர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அணி முன்பைவிட அதிகமாக ஜெயித்தது. "ஜெயிச்சோம்" என்று வீட்டில் வந்து சொல்வார், யாரோ அடுத்த ஊர்க்காரர்கள் ஜெயித்ததைப் போல. ஆட்டத்தின்போது மைதானத்தின் வெள்ளைக் கோட்டை ஒட்டி நிற்பார். பந்து நடுவுக்கு வந்தால் அவருடைய வலது கால் தானாகத் தரையைவிட்டு லேசாக எழும்பும். பார்க்கத் தாங்காமல் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோப்பையின் இறுதி ஆட்டம் வந்தது. முந்தைய நாள் சாயந்திரம் நண்பரை வீட்டுக்கு வரச் சொன்னார். நான் காபி கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

"மாப்ளே, நாளைக்கு உன்னை எறக்கலை."

நண்பர் டம்ளரைக் கீழே வைத்தார். "காலு போயிடுச்சுங்கிறியா?"

"பந்து வந்தப்புறம் நீ வர்ற."

"குடுக்கிறவனுங்க சரியில்லைடா. நீ குடு, நான் வந்துடறேன்."

நண்பர் காபியைக் குடித்து முடித்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "போயிட்டு வரேன் தங்கச்சி" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

"அவன் சொன்னது நெசம்தான்," என்றார் இவர், நண்பர் போன பிறகு.

"அப்பறம் ஏன் வேணாம்னீங்க?"

"நான் உள்ள இல்லையே."

மறுநாள் ஜெயித்தார்கள். நண்பரின் இடத்தில் ஆடிய புதுப்பையன்தான் கோல் போட்டான். வெளியே உட்கார்ந்திருந்த நண்பர் எல்லாரையும்விட பலமாகக் கைதட்டினார். கோப்பையை முதலில் அவர் கையில்தான் கொடுத்தார் என் கணவர். நண்பர் அதை வாங்கி, ஒருதரம் பார்த்துவிட்டு, அந்தப் பையனிடம் நீட்டிவிட்டார். அந்த வருஷமே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வடக்கே போனார். ஜங்ஷனில் ரயில் கிளம்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி இருவரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு காலையில் இவர் பந்தை எடுத்துக்கொண்டு, "வர்றியா?" என்றார். மைதானத்தில் ஒருவரும் இல்லை. நடுவில் நின்று, தலையை நிமிர்த்தி, கோல் பக்கமாக ஒரு பந்து விட்டார். புல்லை ஒட்டிப் போன பந்து, ஆள் இல்லாத இடத்தில் மெதுவாக நின்றது. கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய் எடுத்து வந்தேன். மறுபடி விட்டார். அதே இடம். மறுபடி எடுத்து வந்தேன். வெயில் ஏறும்வரை போதும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மத்தியானம் முழங்கால் வீங்கிவிட்டது. சுடுதண்ணீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தவர், "அடுத்த ஞாயித்துக்கெழமையும் போலாமா?" என்று கேட்டார்.

"போலாம்" என்றேன்.