பொன்னாங்கண்ணியைப் பிடித்திருந்த சந்தனம்

வரிச்சிக்குடியில் எங்கள் வீட்டு மாமரத்தில் புல்லுருவி மண்டியிருந்தது. அதன் பூமொட்டை அழுத்தினால் பட்டென்று வெடிக்கும் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். அப்பாவுக்கோ அதைக் கண்டாலே ஆகாது. அடுத்தவன் சாற்றில் உடம்பு வளர்க்கிற ஜென்மம் என்று திட்டிக்கொண்டே கிளையோடு வெட்டித் தள்ளினார்.

அதே வாரம் நர்சரியிலிருந்து ஒரு சந்தனக் கன்று வாங்கி வந்தார். பையில் அதோடு பொன்னாங்கண்ணியும் முளைத்திருந்தது. அப்பா சுத்தக்காரர், களை என்று அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கன்றைக் கொல்லையில் நட்டார். தினமும் அதைக் கும்பிடாத குறைதான். ஆனால் கன்று மஞ்சளித்து இலை உதிர்த்தது. போர் தண்ணீர் உப்பு என்றார். அம்மா பாத்திரம் கழுவி ஊற்றிய தண்ணீர்தான் காரணம் என்றார். கடைசியில் என்னைக்கூட ஒருமாதிரி பார்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவின் தங்கையான அத்தை வந்தாள். கல்லூரி ஹாஸ்டலில் தங்கித் தாவர ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவளை, விழிதியூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள், படித்தது போதும் என்று அப்பா வரவழைத்திருந்தார். அவள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் கொல்லைக்குப் போனாள். கன்றைப் பார்த்ததும்தான் வாய் திறந்தாள்.

"இதுகூட வேற செடி ஏதும் இருந்துச்சாண்ணே?"

"கீரை ஒண்ணு கெடந்துச்சு. புடுங்கிட்டேன்."

"அதோட வேரைப் புடிச்சுக்கிட்டுத்தாண்ணே இது உசுரோட இருந்துச்சு."

மண்ணை விரலால் விலக்கிக் காட்டினாள். மெல்லிய வேரில் மணிமணியாகப் புடைப்புகள். ஒன்றில் அறுந்த கீரைவேர் இன்னும் ஒட்டியிருந்தது. ஆதியில் எல்லாச் செடிகளையும் போல மண்ணில் மட்டும் நீர் தேடிய வேர்தானாம் அது. பக்கத்து வேரைத் தொட்ட இடத்தில் தடித்துப் பற்றிக்கொண்டவை வறட்சியிலும் பிழைத்தனவாம். அவற்றின் வாரிசுகள் தலைமுறை தலைமுறையாக உள்ளே துளைத்து உறிஞ்சவும் தேறிவிட்டனவாம். அந்த வம்சத்தில் மண்ணையே விட்டுவிட்டு மரமேறியதுதான் புல்லுருவியாம்.

"ரெண்டும் பங்காளிங்கண்ணே," என்றாள்.

எனக்குத் தலை சுற்றியது. அப்படியானால் இதையும் வெட்ட வேண்டாமா என்று கேட்டேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வண்டியை எடுத்துக்கொண்டு போன அப்பா, வாய்க்கால் கரையிலிருந்து ஈரமண்ணோடு பொன்னாங்கண்ணி பெயர்த்து வந்தார். எங்கே வைக்கணும் என்று அத்தையிடம் கேட்டு, அவள் காட்டிய இடத்தில் நட்டார்.

சாயங்காலம் விழிதியூருக்குப் போன் போட்டார். "இன்னும் ஒரு வருஷம் போகட்டுங்க. இப்ப அசைக்க வேணாம்னு பாக்குறேன்," என்றார். கன்றைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நினைத்தேன். அதற்கு அத்தை ஏன் கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், விழிதியூர்க்காரர்களுக்கு எங்கள் வீட்டுச் சந்தனத்தில் அப்படி என்ன அக்கறை, இரண்டுமே எனக்குப் பிடிபடவில்லை.