ரெண்டு போச்சுன்னேன், ஸ்தோத்திரம்னாங்க

காயலாங்கடை வியாபாரத்தில் சொந்தக் கஷ்டத்தை வெளியே சொன்னவன் அன்றைக்கே விலையில் தோற்றான்.

நான் தண்டலத்தில் பழைய இரும்பு வாங்கி விற்று, வாயாலேயே வளர்ந்தவன். 1991இல் என் மனைவி எஸ்தருக்கு ஏழாம் மாதம். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போயிருந்தன. இந்த முறை எழுந்து நடக்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வடக்குப்பட்டில் ஒரு வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் ஜெபக் கூட்டம். அதுவரை அவளை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவன், அவளுக்குப் பதிலாக உள்ளே போகவேண்டியதாயிற்று. நாலு பேர் முன்னால் சொந்தக் கதையைப் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என் இனத்தாரே, நான் பட்டதைக் கேளுங்கள்.

யார் மேல கேஸு?

பாட்டு முடிந்ததும் பாஸ்டர், "புதுசா வந்திருக்கிற பிரதர் சாட்சி சொல்லலாம்" என்றார். எனக்குத் தெரிந்த சாட்சியெல்லாம் போலீஸ் ஸ்டேஷன் சாட்சிதான். எவனாவது திருட்டு இரும்போடு மாட்டினால் முதலில் எங்களைத்தான் இழுப்பார்கள். "நான் எதையும் பாக்கலீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. நகர்ந்து பாயில் இடம் கொடுத்தார்கள்.

அந்த வீட்டுக்காரர் தாவீது, பஞ்சர் ஒட்டுகிறவர். டீயைக் கையில் கொடுத்துவிட்டுக் காதோரம் சொன்னார்: "கோர்ட்டு சாட்சி இல்ல நைனா, உன் கதைய நீயே சொல்றது. குறுக்கு விசாரணையெல்லாம் கிடையாது."

இல்லாத சரக்கு

அடுத்த வாரம் கவனித்தேன். ஒருவருக்குக் காய்ச்சல் விட்டது, ஒருவருக்கு வேலை கிடைத்தது. எல்லாமே நல்லபடி முடிந்த கதைகள். என் கதை நடுவில் தொங்குகிறதே. பாஸ்டரைத் தனியாகப் பிடித்து, "குழந்தை நல்லபடியா பொறந்தா கோபத்த விட்டுடறேன்னு ஆண்டவர்கிட்ட பேசி முடிக்கலாமா?" என்றேன்.

வரும் வழியில் ஒரு லாரி டிரைவரிடம் நான் போட்ட சத்தம் அவர் காதில் விழுந்திருந்தது போலும். "வேண்டிக்கிட்டுப் பொருத்தனை பண்ணலாம் பிரதர். ஆனா கையில இல்லாத சரக்க வெச்சிப் பேரம் பேசக் கூடாது."

எதுக்கு ஸ்தோத்திரம்?

அந்தக் கூட்டத்தில் ஒரு பழக்கம். பேசுகிறவர் எங்கே மூச்சு வாங்கினாலும் எல்லோரும் சேர்ந்து "ஸ்தோத்திரம்" என்று ஆண்டவருக்கு நன்றி சொல்வார்கள். எனக்கு யார் சொன்னார்கள்? மூன்றாவது வாரம் ஒருவழியாக எழுந்தேன். "எனக்கு ரெண்டு புள்ள வயித்துலயே போயிடுச்சு" என்று சொல்லி மூச்சு வாங்கினேன்.

"ஸ்தோத்திரம்."

தலைக்கு ஏறிவிட்டது. "எதுக்குய்யா ஸ்தோத்திரம்? என் புள்ள செத்ததுக்கா?" என்று கத்திவிட்டு வெளியே வந்து செருப்பைத் தேடினேன். இட்லிக்கடை ரூத்தக்கா பின்னாலேயே வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "போனதுக்கு இல்லடா, நீ வாயத் தொறந்ததுக்கு. எஸ்தரு வாராவாரம் இங்க வந்துதான் அழுதுகினு இருந்தா, வூட்ல அழுதா நீ கத்துவேன்னு."

கட்டிலோரம்

கத்தியது உண்மைதான். அவள் அழுதால் எனக்கு என்ன செய்வதென்று தெரியாது, கத்தத் தெரியும். அன்று வீட்டுக்குப் போய்க் கட்டிலோரம் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். செருப்பைத் தேடிய இடத்தில் எஸ்தர் சிரித்தாள். ரூத்தக்கா சொன்னதைச் சொன்னதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். போன இரண்டைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. "மூணாவதும் போயிடுமோன்னு எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றேன். விலை பேசுகிற வாயிலிருந்து அப்படி ஒன்று வந்ததே இல்லை.

அவள் அழுதாள். நான் கத்தவில்லை. எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள்: "தண்ணி வேணாம் மாமா, இப்படியே உக்காந்துகினு இரு."

பெண் நல்லபடியாகப் பிறந்தாள், பிறந்த நாளிலிருந்து என் குரலில்தான் கத்துகிறாள். எஸ்தர் மட்டும் அழுவதற்கென்று வடக்குப்பட்டு வரை போவதை விட்டுவிட்டாள்.